பலகை எழுதும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்: சோலார் குடிநீர்த் திட்டம் தர வருவோருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களுக்குச் சூரிய ஒளியில் ஓடும் குடிநீர்த் திட்டம் அமைத்துத் தர முன்வரும் நிறுவனங்களுக்கும், அறக்கட்டளைகளுக்கும், ஓசூரிலும் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் வேலை பார்த்துக்கொண்டு சொந்த மண்ணை மறக்காத அன்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் பென்னாகரம் பக்கம் மலையை ஒட்டிய ஒரு குக்கிராமத்தில் பிறந்தவள். அதே பகுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்களுக்கு நல்லது செய்ய வந்தவர்களின் மனம் புண்படும். அவர்களைக் குறைசொல்ல இந்த மடல் இல்லை. அடுத்து வரப்போகிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு சோலார் குடிநீர் நிலையம் இருக்கிறது. நான்கு பேனல், ஐயாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, தகரக் கூரை போட்ட சின்ன அறை, அறைக்கு உள்ளே தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின், வெளியே இரண்டு குழாய். குழாய்களுக்கு மேலே நீல நிறப் பலகையில் 'தூய குடிநீர்' என்று எழுதியிருக்கும். திறந்துவைத்த அன்று என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய் ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். குடத்தோடு மேடேறி மேடேறிக் கால் தேய்ந்த பெண்கள் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓராண்டுக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. பிறகு குழாயில் தண்ணீர் நூல் போல வரத் தொடங்கியது. மெஷினில் தண்ணீரை வடிகட்டுகிற மெம்பிரேன் என்ற சவ்வு அடைத்துக்கொண்டது என்று பின்னால்தான் தெரிந்தது. அதைக் கழுவ யாருக்கும் சொல்லித் தரவில்லை. மாற்றக் காசும் ஒதுக்கவில்லை. சுவரில் எழுதியிருந்த போன் நம்பருக்கு முதலில் மணி அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்க்கச் சகிக்காமல், பிளம்பிங் தெரிந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மெஷினைத் தாண்டி நேராகப் பைப்பை இணைத்துவிட்டான். மறுபடியும் கைத்தண்டி கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. அவனை எல்லோரும் வாழ்த்தினோம். நானும்தான்.

அன்றிலிருந்து அந்த நீலப் பலகைக்குக் கீழே வருவது வடிகட்டாத போர்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மோட்டார் ஒருநாள் கூட மக்கர் செய்யவில்லை, வெயிலும் குறையவில்லை. கேடு முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சிக்குப் போய்விட்டுச் சோதனைப் பெட்டியோடு வந்தார். வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தருவதற்கான மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி உண்டு. பள்ளி மேசையில் வைத்துத்தான் சோதித்தோம். சின்னக் குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி, சாயத் துளி விட்டு, அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். நாங்கள் தேடியது ஃபுளோரைடை. பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிற உப்புச்சத்து அது, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அது இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு நிற்கும். கூடக்கூட நிறம் வெளுத்து மஞ்சளாகும். எங்கள் தண்ணீர் 1.5 கோட்டைத் தாண்டி மஞ்சளுக்குப் போய் நின்றது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. அந்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை செய்து பார்த்தார். மறுபடியும் அதே மஞ்சள்.

அன்று மாலையே தெருத்தெருவாகப் போய்ச் சொன்னோம். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு ஆயா, என்னைத் தூக்கி வளர்த்தவர், சொன்ன பதில் இது: "அது சோலார் தண்ணி கண்ணு. போர்டு எழுதி வெச்சிருக்குது பாரு, சுத்தமான தண்ணி."

அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவருவது ஒரு வேலை, அதைச் சுத்தமாக்குவது வேறொரு வேலை. சோலார் பேனல் முதல் வேலையை அழகாகச் செய்துவிடும். இரண்டாவது வேலையில் அதற்குப் பங்கே கிடையாது. ஆனால் பேனல் பளபளவென்று நிற்கிற இடத்தில் வருகிற தண்ணீரும் சுத்தம்தான் என்று ஊர் நம்பிவிடுகிறது. முன்பு போர்த் தண்ணீரைக் கொஞ்சமாவது சந்தேகப்பட்டுக் குடித்தவர்கள், இப்போது நம்பிக் குடிக்கிறார்கள்.

இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கே நிலத்துக்கு அடியில் இருப்பது கருங்கல். அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்கிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு கரைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து குறைந்து, காரத்தன்மை கூடினால் இன்னும் எளிதாகக் கரைகிறது. எங்கள் தாத்தா காலத்துக் கிணறுகளில் மழைத் தண்ணீர் ஆண்டுதோறும் வந்து புதுப்பித்துக்கொண்டிருந்தது. போர் இருநூறு அடி போய், ஐந்நூறு அடி போய், இப்போது ஆயிரம் அடியும் போகிறது. ஆழத்தில் அகப்படுவது பல காலமாகப் பாறையோடு ஊறிக் கிடந்த தண்ணீர். நிறமில்லை, வாடையில்லை, ருசியில் மாற்றமில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது. ஆவியாகிற அளவுக்கு மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும். இதைத் தெரியாமல் 'நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று நானே பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று இருக்கிறது. ஃபுளோரைடு மிகுந்து வருகிற நோய்தான் ஃபுளோரோசிஸ். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்து, 2013 மே மாதம் தொடங்கிவைத்த திட்டம் அது. காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோனதன் காரணமே இந்தப் பாறைத் தண்ணீரிலிருந்து மக்களை மீட்பதுதான். ஆகவே உங்களுக்கு என் முதல் வேண்டுகோள்: காவிரித் தண்ணீர் எட்டுகிற ஊரில் புதிதாகப் போர் போட்டு 'குடிநீர்' என்று பெயர் வைக்காதீர்கள். அங்கே உதவ நினைத்தால் ஒரு நல்ல தொட்டி கட்டிக்கொடுங்கள், வருகிற காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் நிறைந்து நிற்கட்டும். போர்த் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுத் தொட்டி கழுவ இருக்கட்டும். பைப் லைன் ஏற முடியாத மலை ஊர்களுக்கும், காட்டை ஒட்டிய குடியிருப்புகளுக்கும்தான் சோலார் நிலையம் அவசரத் தேவை.

ஃபுளோரைடு என்ன செய்யும் என்பதைப் பார்க்க நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், என் வகுப்புக்கு வாருங்கள். ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவோம். எல்லாப் போட்டோவிலும் பாதிக்கு மேல் பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டு நிற்பார்கள். பல்லில் முதலில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை வரி விழும். அது மஞ்சளாகி, பிறகு காவி நிறமாகும். ஏழெட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே விழுகிற கறை என்பதால் எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று திட்டு வாங்கியே வளர்கிறார்கள். போன வருடம் ஒரு பெண்பிள்ளை உப்பும் கரியும் போட்டுத் தேய்த்து ஈறு கிழிந்து ரத்தத்தோடு வகுப்புக்கு வந்தாள். அவள் என்ன தப்புச் செய்தாள்?

பெரியவர்களுக்கு எலும்பில் இறங்குகிறது. எதிர்வீட்டு ஆயாவை ஒருநாள் மூன்று காரியம் செய்துகாட்டச் சொன்னேன்: முட்டியை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும், மோவாயை நெஞ்சில் படவைக்க வேண்டும், இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் முதற்கட்டமாகப் பார்க்கிற சோதனைகள் இவை. ஆயாவால் மூன்றும் முடியவில்லை. 'வயசாச்சு' என்றார். பக்கத்தில் நின்ற அவர் மருமகளுக்கு முப்பத்தெட்டு வயது. கை பிடரிக்குப் போகாமல் காதோடு நின்றுவிட்டது. அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நாங்கள் காலம்காலமாகத் தின்கிற கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச்சத்து நிறைய, அது ஃபுளோரைடைக் குடலிலேயே ஓரளவு மடக்கும். ஆனால் அந்தக் களியைக் கிண்டுவதும் இந்தத் தண்ணீரில்தானே.

இனி சோலார் பற்றி. அதில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் ஊரையே கணக்காக வைத்துப் பார்த்தேன். 45 வீடு, சுமார் 180 பேர். ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், மொத்தம் 9,900 லிட்டர். அதை 60 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, மோட்டாரிலும் பைப்பிலும் வீணாவதையும் சேர்த்து நாலு யூனிட் மின்சாரம் ஆகும். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் தெளிந்த நாளில் அதைத் தந்துவிடும். ஒரு குதிரைத்திறன் மோட்டார், கட்டில் அகலத்தில் மூன்று நான்கு பேனல், அவ்வளவுதான். பேட்டரி வேண்டாம். வெயில் இருக்கும்போது தொட்டி நிறைந்துவிட்டால் அந்தத் தொட்டிதான் பேட்டரி. ஐப்பசி, கார்த்திகை மூடாப்புக்குத் தாக்குப்பிடிக்க இரண்டு நாள் தண்ணீர் கொள்கிற தொட்டியாக வையுங்கள். கரண்ட் கம்பி அறுந்தால் நாலு நாள் காத்திருக்கிற மலை ஊருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கை அடுத்த ஊருக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் மட்டம் 120 மீட்டரில் இருந்தால் பேனல் இரட்டிப்பாக வேண்டும். கார்த்திகையில் வந்து மட்டம் பார்த்துவிட்டுப் போனால் சித்திரையில் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். பங்குனி, சித்திரையில் வந்து அளவெடுங்கள். தண்ணீர் மட்டம் ஆழம் போகாத இடங்களில், மகாராஷ்டிரத்திலும் சத்தீஸ்கரிலும் செய்வதுபோல ஒரே போரில் மேலே கைப்பம்பும் கீழே சோலார் மோட்டாரும் சேர்த்துப் போடலாம். ஒன்று நின்றால் இன்னொன்று கைகொடுக்கும். பேனலுக்குப் பக்கத்தில் நட்ட வேப்பங்கன்று ஐந்து வருடத்தில் நிழல் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழலே வரிசை முழுவதையும் இழுத்துவிடும். எங்கள் திடலில் அப்படி வளர்ந்த கிளையை வெட்ட, அம்மன் கோயில் மரம் என்று யாரும் கைவைக்கவில்லை. பூசாரியிடம் பேசி, பொங்கல் வைத்துவிட்டுத்தான் வெட்டினோம்.

கடினமான பகுதி வடிகட்டுவது. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, ஊருக்கு வருகிற மொத்தத் தண்ணீரையும் சுத்தம் செய்யப் பார்ப்பது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு எட்டு லிட்டர் தாராளம். 180 பேருக்கு 1,440 லிட்டர். அதை மட்டும் தனிக் குழாயில் சுத்தமாகக் கொடுத்தால் போதும். சமையல் தண்ணீரை விட்டுவிடாதீர்கள், சோறும் களியும் குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை.

ஆர்.ஓ. மெஷின் ஃபுளோரைடை எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஏறக்குறைய பாதித் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவில் ஃபுளோரைடு இன்னும் கெட்டியாக இருக்கும். எங்கள் ஊரில் அந்தக் கழிவுப் பைப் போய் விழுந்த குழியில் ஆடுமாடு குடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கால்நடைக்கும் இதே நோய் வரும். வேறு வழிகளும் உண்டு. செயலூட்டிய அலுமினா மணிகள் நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை விட்டால், மணிகள் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் கரண்ட் தேவையில்லை. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் வகுத்த நல்கொண்டா முறை இன்னும் எளிது: படிகாரமும் சுண்ணாம்பும் அளவாகக் கலக்கி, கிருமிக்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் சேர்த்து, கசடு அடியில் தங்கியபின் மேல்தண்ணீரை எடுப்பது. ஒவ்வொன்றிலும் கசடோ கழிவோ மிஞ்சும், அதை எங்கே கொட்டுவது என்று முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். அலுமினா மணிகள் ஒருநாள் நிறைந்துவிடும். அப்போது தண்ணீர் நிற்காது, ருசி மாறாது, வடிகட்டாத தண்ணீர் வடிகட்டிய குழாயில் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். மணிகளைக் காரம் விட்டு, பிறகு அமிலம் விட்டுக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அதை எந்தத் தேதியில் செய்வது என்று சொல்ல மாதம் ஒருமுறை சோதனை பார்க்கிற ஆள் வேண்டும்.

என் கவலையெல்லாம் அந்த ஆளைப் பற்றித்தான். நீங்கள் பேனலுக்கும் மோட்டாருக்கும் மெஷினுக்கும் பணம் வைக்கிறீர்கள், ஆளுக்கு வைப்பதில்லை. எங்கள் ஊர்களில் பத்தாவது, பிளஸ் டூ படித்த பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். கணவன் திருப்பூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பான். இவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஊரில் நிற்பார்கள், ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். அப்படி இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொடுங்கள். விடிகாலையில், பேனல் சூடேறும் முன் தூசி கழுவுவது, பில்டர் மாற்றுவது, வாரம் ஒருமுறை மீட்டர் எழுதுவது, மாதம் ஒருமுறை ஃபுளோரைடு சோதிப்பது, சோதித்த எண்ணை அந்தப் பலகையிலேயே சாக்பீஸால் எழுதுவது. 'தூய குடிநீர்' என்று பெயிண்டில் எழுத வேண்டாம். தேதியும் எண்ணும் எழுதட்டும். 1.5க்கு மேல் போன அன்று குடிநீர்க் குழாயைப் பூட்ட அவர்களுக்கு அதிகாரம் இருக்கட்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லி ஒரு ஏழைப் பெண்ணிடம் ஓசியில் வாங்காதீர்கள்.

ஊர் பணம் தராது என்று நினைக்காதீர்கள். மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போட்டு, நோட்டில் எழுதி, பைசா விடாமல் கணக்குச் சொல்கிற ஊர் இது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 2,250 ரூபாய் சேரும். பில்டருக்கும் சில்லறைச் செலவுக்கும் ஆகும். சம்பளமும், மூன்று நான்கு வருடத்தில் வரும் பெரிய செலவும் அதில் அடங்காது. அதற்குத்தான் உங்கள் பணம் வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி லாபத்தில் இரண்டு சதவீதம் ஒதுக்குகிற நிறுவனங்களுக்கு இதை நேராகவே சொல்கிறேன்: பத்து ஊரில் நிலையம் வைக்கிற பணத்தில் நான்கு ஊரில் வையுங்கள். மிச்சத்தை அந்த நான்கு ஊரின் பராமரிப்புக்கு வைப்புநிதியாகப் போடுங்கள். அறிக்கையில் எண் குறைவாகத் தெரியும். தெரியட்டும்.

கிராமசபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சியின் சொத்துக் கணக்கில் ஏற்றிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பழுதானபோது ஊராட்சி செலவு செய்ய நினைத்தாலும் கணக்கில் காட்ட இடமிருக்காது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அன்று வாருங்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் பேசுங்கள். குழாய் எங்கே வைப்பது என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். எந்தத் தெருவுக்கு நடுவில் வைத்தால் எல்லோரும் தயங்காமல் வந்து பிடிப்பார்கள், எந்தத் திண்ணைக்கு எதிரில் வைத்தால் சிலர் வரவே மாட்டார்கள் என்பது வரைபடத்தில் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரு தனி வேண்டுகோள். மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. நூறு சதுர மீட்டர் கூரையில் விழுவது 85,000 லிட்டர். சிந்தியது போக அறுபதாயிரம் லிட்டராவது பிடிக்கலாம். முதல் மழையைக் கழித்துவிட்டு, மணலும் கரியும் போட்ட தொட்டியில் வடித்து, மூடி வைத்தால் என் பிள்ளைகளுக்கும் சத்துணவுச் சமையலுக்கும் பல மாதம் வரும். பேனலுக்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் இதற்கு ஆகும். பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயதில் இருக்கிற பிள்ளைகள் இவர்கள். காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

எங்கள் ஊர் நிலையத்தை இப்போது நாங்களே சரிசெய்யப் பார்க்கிறோம். நீலப் பலகையைக் கழற்றிப் பள்ளித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதை எடுத்த அன்று ஆயா என்னோடு பேசவில்லை. இப்போது மழைத் தண்ணீர் பிடித்துத் தருகிறேன், வாங்கிக்கொள்கிறார்.

நீங்கள் வர முடிவுசெய்தால் முதல்முறை வரும்போது பேனல் படம் போட்ட புத்தகம் வேண்டாம், காலி பாட்டில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்க வேண்டும், ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடி ஆகாது. போரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, வருகிற தண்ணீரிலேயே பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிறையப் பிடியுங்கள். ஊர்ப்பெயர், போர் இருக்கும் இடம், ஆழம், தேதி எழுதி ஒட்டித் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். வருகிற எண்ணை எங்களுக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பென்னாகரம் பகுதியிலிருந்து ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை